நிலா யார் கூட வருகிறது?

அனைவருக்கும் வணக்கம். இங்கே வந்திருக்கும் பல பேருடைய மடியில் குழந்தைகள் இருக்கிறார்கள். நடுவில் அவர்கள் ஏதாவது கேட்டால் வாயை அடைக்காதீர்கள், பதில் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. இரவில் நடந்து வந்துகொண்டிருந்தோம். "நிலா ஏம்ப்பா நம்ம கூடவே வருது?" என்றாள். "அது அப்படித்தான்." "ஏன் அப்படித்தான்?" "நிலான்னா வரும்." "ஏன் வரும்?" ஐந்தாவது முறை கேட்டபோது, "தொணதொணக்காம வா" என்று அதட்டிவிட்டேன். என் விரலைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. வீடு வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. அந்த அமைதி என்னைத் தூங்கவிடவில்லை.

குழந்தைகள் நிறையக் கேட்கிறார்கள் என்பது நம் பிரமை இல்லை. நான்கு குழந்தைகளின் பேச்சுப் பதிவுகளை எடுத்து எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2007ல் வெளியானது. பெரியவர்களோடு பேசும் நேரத்தில் மணிக்குச் சராசரியாக 107 கேள்விகள். அதில் 76, விஷயம் தெரிந்துகொள்வதற்காகவே கேட்டவை. அலுப்பு வரத்தான் செய்யும். சமைத்து, வேலைக்குப் போய், திரும்பி வந்த உடம்பு அது.

ஆனால் என்னை மாற்றியது 2009ல் வந்த இன்னோர் ஆய்வு. பிரேசியர், கெல்மன், வெல்மன் என்ற மூவர் செய்தது. "ஏன்" என்ற கேள்விக்குக் காரணம் கிடைத்தால் குழந்தை தலையாட்டுகிறது, அல்லது அதிலிருந்து அடுத்த கேள்விக்குப் போகிறது. காரணம் கிடைக்காவிட்டால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறது, இல்லையென்றால் தானே ஒரு காரணம் சொல்லிப் பார்க்கிறது. அப்படியானால், அன்று என் மகள் ஐந்து முறை கேட்டது அடம் இல்லை. நான் ஐந்து முறையும் பதில் சொல்லவே இல்லை. நச்சரிப்பு என்று நாம் சொல்வதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, பால் பொங்கும்போது கேட்டால்? "இப்போ முடியாதும்மா, அடுப்பை அணைச்சிட்டுச் சொல்றேன்" என்பதும் நல்ல பதில்தான். ஆனால் அணைத்ததும் நீங்களாகவே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். குழந்தை மறந்திருக்கும், நீங்கள் மறக்கக் கூடாது. பதில் தெரியாதா? தெரியாது என்றே சொல்லுங்கள்.

சில கேள்விகளுக்குள் வேறு கேள்வி இருக்கும். தலை வாரிவிடும்போது ஒருநாள், "நீ செத்துப் போயிடுவியாப்பா?" என்று கேட்டாள். சீப்பு பாதியில் நின்றுவிட்டது. மரணம் என்றால் என்னவென்று அவள் கேட்கவில்லை. தன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டாள். "எல்லாரும் ஒருநாள் சாவாங்கம்மா. ஆனா அப்பா ரொம்ப நாள் உன்கூட இருக்கணும்னுதான் ஆசைப்படறேன். உன்னைப் பாத்துக்க அம்மா இருக்காங்க, பாட்டி இருக்காங்க" என்றேன். "பின்னலை இறுக்காதே" என்றாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

நிலாவுக்கு வருகிறேன். மறுநாள் பேருந்தில் ஜன்னலோரம் உட்காரவைத்து, "கம்பம் எப்படி ஓடுது பாரு, தூரத்து மரம் எப்படிப் போகுது பாரு" என்றேன். "கம்பம் வேகமா ஓடுது. மரம் மெதுவா." "நிலா அந்த மரத்தைவிட ரொம்ப ரொம்பத் தூரம். அதனால நகர்ற மாதிரியே தெரியாது. நாம எங்க போனாலும் அங்கேயே இருக்கும், அதான் கூட வர்ற மாதிரி இருக்கு." நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த எண்ணை அவளிடம் சொல்லவில்லை, கம்பமும் மரமும் போதும்.

அன்று இரவே சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள். மொட்டைமாடிக்குப் போனோம். நான் ஒரு பக்கம், அவள் எதிர்ப்பக்கம் நடக்க வேண்டும், நிலாவிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. திட்டம் அவளுடையது.

"என்கூடத்தான் வருது!" என்று அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்.

"என்கூடவும் வருதும்மா!"

நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். ஓடி வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ எல்லார் கூடவும் நிலா இப்படித்தான் வந்துட்டிருக்குமா?"