ராஜா இல்லாத ஊர்ல போதகரை யார் நியமிக்கிறது? மஸ்கீகோ சபையின் கதை

[திரையில்: விஸ்கான்சின் மாநில வரைபடம். மில்வாக்கிக்குத் தென்மேற்கே விண்ட் லேக் ஏரி.]

வணக்கம். அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலம், ராசீன் கவுண்டி. இங்க 'நார்வே'ன்னே ஒரு ஊர் இருக்கு. ஊர்னதும் பெரிய கடைவீதி எல்லாம் எதிர்பார்க்காதீங்க. வயல், ஏரி, மேட்டு மேல ஒரு லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழி வந்த புராட்டஸ்டன்ட்) கோயில், அதை ஒட்டி கல்லறைத் தோட்டம். 1843ல உருவான இந்தச் சபையைச் சரித்திரத்துல மஸ்கீகோ சபைன்னு சொல்வாங்க. நார்வேல இருந்து அமெரிக்காவுல குடியேறின விவசாயிங்க அமைச்ச ஆரம்பகால லுத்தரன் சபைகள்ல முக்கியமானது இது. இன்னிக்கு மேப்ல மஸ்கீகோன்னு போட்டீங்கன்னா பக்கத்து கவுண்டியில இருக்கற நகரத்துக்குத்தான் வழி காட்டும். அந்தக் காலத்துல அங்க இருந்து தெற்கே விண்ட் லேக் வரைக்கும் மொத்தத்துக்கும் அதே பேர்தான்.

இந்த வீடியோல கோயில் கட்டின கதையும் வரும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சிக்கலை அவங்க தீர்க்க வேண்டியிருந்துச்சு. ராஜா இல்லாத நாட்டுல ஒருத்தருக்குக் குருப்பட்டம், அதாவது போதகரா ஆகற பட்டம், கொடுக்கற அதிகாரம் யாருக்கு?

[திரையில்: டென்மார்க், நார்வே வரைபடம். 1741 என்ற ஆண்டு.]

இது ஏன் சிக்கல்னு புரியணும்னா நார்வேக்குப் போகணும். 1814 வரைக்கும் டென்மார்க்குக்கும் நார்வேக்கும் ஒரே ராஜா. நமக்குத் தெரிஞ்ச ஆள்தான் ஒருத்தர்: 1706ல தரங்கம்பாடிக்கு வந்து இறங்கின ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை அனுப்பி வச்ச நாலாம் ஃபிரெடரிக். அவருக்குப் பின்னாடி வந்த மகன் ஆறாம் கிறிஸ்டியன் 1741ல ஒரு சட்டம் போட்டார். போதகருக்குத் தெரியாம, அவர் மேற்பார்வை இல்லாம, சாதாரண ஜனங்க கூடி ஜெபக்கூட்டம் நடத்தக்கூடாது. அங்க சபைங்கறது அரசாங்கத்தோட ஒரு இலாகா மாதிரி. போதகர் அரசாங்க அதிகாரி. பிறந்தா, செத்தா பதிவு பண்றவரும் அவர்தான். வேதபாடம் படிச்சு, சபை முன்னாடி விசுவாசத்தை அறிக்கை பண்ற திடப்படுத்தல் எடுக்காதவனுக்குக் கல்யாணம் கூட ஆகாது.

இந்தச் சட்டத்தை மீறினவர்ல பெரிய பேர் ஹான்ஸ் நீல்சன் ஹாவ்கே. விவசாயி வீட்டுப் பிள்ளை. ஊர் ஊரா நடந்து பிரசங்கம் பண்ணினார். 1804ல பிடிச்சு உள்ள போட்டாங்க, பல வருஷம் சிறை. ஆனா அவர் கிளப்பின எழுப்புதல், அதாவது பக்தி எழுச்சி, அணையல. போதகர் இல்லாமலே பைபிள் படிச்சு ஜெபிக்கலாம்னு பழகின குடும்பங்க நார்வே முழுக்க உருவாச்சு. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினவங்கள்ல இவங்க நிறைய. 1741 சட்டத்தை 1842லதான் எடுத்தாங்க. அதுக்குள்ள இவங்கள்ல பலர் அட்லாண்டிக்கைத் தாண்டியாச்சு.

[திரையில்: சதுப்பு நிலம், ஓக் மரங்கள்.]

1839ல டெலிமார்க் பகுதியில இருந்து லூராஸ்ங்கறவர் தலைமையில ஒரு கூட்டம் மில்வாக்கி வந்து இறங்குச்சு. அவங்க போக வேண்டியது இல்லினாய். வழிவழியா சொல்ற கதை ஒண்ணு உண்டு. மில்வாக்கிக்காரங்க ஒரு குண்டு ஆளையும் ஒரு நோஞ்சானையும் கொண்டு வந்து நிறுத்தி, "இவர் விஸ்கான்சின், இவர் இல்லினாய், எங்க போறீங்க?"ன்னு கேட்டாங்களாம். ரியல் எஸ்டேட் தந்திரம் அன்னிக்கே இருந்திருக்கு!

அவங்க நிலம் பார்த்தது கோடைக் கடைசியில. காய்ஞ்சு கிடந்த சதுப்பு, பச்சைப் புல்வெளியா கண்ணுக்குத் தெரிஞ்சுது. வசந்தத்துல தண்ணி ஏறினதும்தான் எங்க வந்து மாட்டினோம்னு புரிஞ்சுது. மலேரியா காய்ச்சல் வேற. பின்னாடி வந்தவங்க தெற்கே தள்ளி, விண்ட் லேக் பக்கம் மேட்டு நிலம் பிடிச்சாங்க. இது யாரும் இல்லாத காடுன்னு நினைச்சுக்காதீங்க. 1833 ஒப்பந்தத்துல அரசாங்கம் வாங்கிக்கறதுக்கு முன்னாடி பொத்தவாட்டோமி பழங்குடிகளோட நிலம். பின்னாடி கோயில் கட்டின மேட்டுக்கே 'இந்தியன் ஹில்'னுதான் பேர்.

1840ல லியர் ஊர்ல இருந்து ஈவன் ஹெக் குடும்பத்தோட வந்தார். ஹாவ்கே வழி வந்தவர், கையில கொஞ்சம் வசதியும் இருந்துச்சு. அவர் கட்டின பெரிய கொட்டகைதான் இந்தச் சபைக்கு முதல் கோயில். ஊர்ல இருந்து புதுசா வந்து இறங்கறவங்க தங்கறது, சமைக்கறது, படுக்கறது எல்லாம் அதுல. ஞாயிற்றுக்கிழமை அங்கேயே ஆராதனை. 1843ல காய்ச்சல் பரவினப்போ அதுவே ஆஸ்பத்திரி.

[திரையில்: 1843 அக்டோபர் நாட்காட்டி. 3, 18 தேதிகள் வட்டமிடப்பட்டு.]

இப்போ ஆள் இருக்கு, இடம் இருக்கு. ஞானஸ்நானம் கொடுக்க, இராப்போஜனம் கொடுக்க ஐயர், அதாவது பட்டம் வாங்கின போதகர், இல்ல. நார்வே அரசாங்கம் அனுப்பாது. அப்போதான் ரெண்டு பேர் வர்றாங்க.

முதல் ஆள் எல்லிங் ஐல்சன். வாஸ் பகுதிக்காரர், சுத்தமான ஹாவ்கே சீஷர். 1839ல அமெரிக்கா வந்தவர். அங்கி போட மாட்டார், சடங்கு பிடிக்காது, மனந்திரும்பினியான்னு நேருக்கு நேரா கேட்கற டைப். பிள்ளைங்களுக்கு ஞானோபதேசம், அதாவது கேள்வி பதிலா இருக்கற விசுவாசப் பாடம், சொல்லிக்கொடுக்கப் புத்தகம் இல்லைன்னதும் அச்சடிக்க நியூயார்க் போனார். நடந்தே போனார்னு சொல்வாங்க. 1842ல அப்படி அச்சான பொந்தோப்பிதானோட ஞானோபதேச விளக்கம், அமெரிக்காவுல அச்சான முதல் நார்வே மொழிப் புத்தகம்னு சொல்லப்படுது. வேடிக்கை என்னன்னா, அந்தப் புத்தகத்தை 1737ல எழுத வச்சது அதே ஆறாம் கிறிஸ்டியன் ராஜா. ராஜாவோட சட்டத்தை வெறுத்தவங்க, ராஜாவோட ஞானோபதேசத்தை மட்டும் நெஞ்சோட வச்சிருந்தாங்க.

ரெண்டாவது ஆள் கிளாவுஸ் லாரிட்ஸ் கிளாவுசன். டென்மார்க்காரர், வயசு 22. ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாப் போகணும்னு ஆசைப்பட்டவர். டிரம்மன் நகரத்து வியாபாரி தொல்லெஃப் பாக்கேயோட மகன் ஏற்கெனவே மஸ்கீகோவுல குடியேறியிருந்தார். "அங்க பிள்ளைங்களுக்கு வேதபாடம் சொல்லித்தர ஆள் இல்ல, அங்க போ"ன்னு இவரைத் திருப்பி விட்டது அந்த வியாபாரிதான். 1843 ஆகஸ்ட்ல புது மனைவி மார்த்தாவோட வந்தார். வந்தது உபதேசியாரா. ஊர்க்காரங்க அவர் பேசினதைக் கேட்டாங்க, "நீங்களே எங்களுக்கு ஐயரா இருங்க"ன்னு கையெழுத்துப் போட்டு அழைப்பு கொடுத்துட்டாங்க.

பட்டம் யார் கொடுப்பா? பிஷப் கடலுக்கு அந்தப் பக்கம். பக்கத்துல இருந்த ஜெர்மன் லுத்தரன் போதகர் கிரௌஸ் கிட்டப் போனாங்க. அவர் கிளாவுசனைப் பரீட்சை பண்ணிப் பார்த்து, 1843 அக்டோபர் 18ல குருப்பட்டம் கொடுத்தார். அதுக்குப் பதினைஞ்சு நாள் முன்னாடி, அக்டோபர் 3ல, சிகாகோ பக்கம் வேற ஒரு ஜெர்மன் போதகர் கையால ஐல்சனும் பட்டம் வாங்கியிருந்தார். நார்வே சபை சரித்திரத்தை எழுதறவங்க இந்தப் பதினைஞ்சு நாளை வச்சு இன்னும் சண்டை போடுவாங்க. முதல் போதகர் யாரு? ஐல்சன் ஆளுங்களைக் கேட்டா ஐல்சன். எனக்கு முக்கியமாப் படறது வேற: ரெண்டு பேருக்கும் பட்டம் கிடைக்கக் காரணம் ஜனங்க கேட்டதுதான். நார்வேல இப்படி நடந்திருக்கவே முடியாது.

அடுத்த வருஷமே இதுக்குச் சோதனை வந்துச்சு. 1844ல டீட்ரிக்சன்னு ஒரு போதகர் நார்வேல இருந்து வர்றார். பல்கலைக்கழகப் படிப்பு, பிஷப் கையால பட்டம், எல்லாம் முறைப்படி. இவரையும் அரசாங்கம் அனுப்பல. செலவுக்குப் பணம் கொடுத்தது கிறிஸ்டியானியா நகரத்துல, அதாவது இன்னிக்கு ஓஸ்லோவுல, துணிக்குச் சாயம் போடற ஒரு தொழிலாளி! டீட்ரிக்சனுக்கு உடனே சந்தேகம்: பிஷப் கை வைக்காத கிளாவுசன் ஐயரா, இல்லையா? கேள்வி கிறிஸ்டியானியா இறையியல் பேராசிரியர்கள் வரைக்கும் போச்சு. செல்லும்னு பதில் வந்துச்சு. ஐல்சனை மட்டும் டீட்ரிக்சன் கடைசி வரைக்கும் ஒத்துக்கல.

டீட்ரிக்சன் மேற்கே கோஷ்கொனாங்ல சபை அமைச்சார். சேர்றவங்க நாலு நிபந்தனைக்குச் சம்மதிக்கணும். ஒழுங்கு நடவடிக்கை எடுத்து சபையை விட்டுத் தள்ளின ஒருத்தரைக் கோயிலை விட்டு வெளியேத்தப் போய், அந்த ஆள் கோர்ட்டுக்குப் போயிட்டார். அபராதம் ஐயருக்கு! அமெரிக்காவுல போதகர் கையில போலீஸ் அதிகாரம் கிடையாதுன்னு அன்னிக்கு அவருக்குப் புரிஞ்சிருக்கும்.

[திரையில்: பழைய மஸ்கீகோ கோயில், உட்புறம்.]

சரி, மஸ்கீகோ கோயில். நிலம் ஈவன் ஹெக் கொடுத்தது. டிரம்மன் வியாபாரி பாக்கே 400 டாலர் அனுப்பினார். மிச்சம் எல்லாம் ஊர்க்காரங்க உழைப்பு. ஓக் மரத்தை வெட்டி, கோடாலியால நாலு பக்கமும் செதுக்கி, இடைவெளி தெரியாம ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கியிருக்காங்க. மாடத்தைத் தாங்கற தூண்கள் வால்நட் மரம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நம்ம ஊர்க் கோயில்ல உட்கார்ந்து பழகினவங்களுக்கு இது புதுசா இருக்காது. காய்ச்சல்ல ஆட்கள் விழுந்துகிட்டே இருந்ததால வேலை இழுத்துச்சு. பிரதிஷ்டை 1845 மார்ச் 13. பின்னாடி வேலையை ஆரம்பிச்ச கோஷ்கொனாங் கோயில்கள் ரெண்டும் அதுக்குள்ள முந்திக்கிச்சு. அதனால "முதல் கோயில்" யாரோடதுங்கறதும் இன்னொரு சண்டை.

அதே 1845 ஜனவரியில மஸ்கீகோ ஆண்கள் 80 பேர் கையெழுத்துப் போட்டு நார்வே பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. அமெரிக்காவுல போய்ச் சாகறாங்கன்னு அங்க பேச்சு ஓடிட்டிருந்த நேரம். நாங்க பணக்காரங்க ஆகலாம்னு வரல, ஆனா இங்க சுதந்திரமும் சமத்துவமும் இருக்கு, வந்ததுக்கு வருத்தம் இல்லைன்னு பதில். 1847ல ஹெக் வீட்டுலயே அச்சு இயந்திரம் வச்சு 'நூர்ட்லீசெத்'னு பத்திரிகை ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவோட முதல் நார்வே மொழிப் பத்திரிகை அது.

கிளாவுசன் ரொம்ப நாள் இருக்கல. 1846ல மார்த்தா இறந்தாங்க. அதே வருஷம் அவர் வேற சபைக்குப் போனார். 1848ல ஸ்டூப்னு ஒருத்தர் போதகரா வந்தார். அப்புறம் ஊர்ல காலரா.

[திரையில்: 15ஆம் விஸ்கான்சின் படைப்பிரிவு, கர்னல் ஹெக்.]

1853ல இந்தச் சபைகள்ல பலதும் சேர்ந்து நார்வே சினட்ங்கற கூட்டமைப்பு உருவாச்சு. போதகர்களைப் படிக்க வைக்க அவங்க கைகோர்த்தது ஜெர்மன்காரங்களோட மிசூரி சினட் கூட. ஆமா, 1895ல கிருஷ்ணகிரிக்கு வந்து, அப்புறம் ஆம்பூர், நாகர்கோவில்னு பரவின அதே மிசூரி மிஷன். நாகர்கோவில் கன்கார்டியா இறையியல் கல்லூரி தெரியும்ல? அந்தப் பேர்லயே செயின்ட் லூயிஸ்ல இருக்கற கல்லூரிக்குத்தான் நார்வே பசங்களை அனுப்பினாங்க.

1861ல உள்நாட்டுப் போர். அடிமை முறை பாவமான்னு கேள்வி. நார்வே சினட் போதகர்கள், மிசூரி வாத்தியார்கள் வழியில, அடிமை முறை தன்னளவுல பாவம்னு வேதம் சொல்லலைன்னு அறிக்கை விட்டாங்க. ஜனங்க கொதிச்சுப் போயிட்டாங்க. பிள்ளைங்களைப் போருக்கு அனுப்பிட்டு நிக்கறவங்க கிட்டப் போய்ப் பேசற பேச்சா இது? முதல்ல கையெழுத்துப் போட்ட கிளாவுசன் அதை வாபஸ் வாங்கி, 1868ல சினடை விட்டே வெளியேறினார்.

ஈவன் ஹெக் மகன் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹெக். 10 வயசுல மஸ்கீகோ வந்த பையன். அடிமை ஒழிப்பு இயக்கத்துக்காரர். பெரும்பாலும் நார்வேக்காரங்க இருந்த 15ஆம் விஸ்கான்சின் படைக்கு அவர்தான் கர்னல். அதுக்குக் கொஞ்ச காலம் போதகரா இருந்தது யார் தெரியுமா? கிளாவுசன். 1863 செப்டம்பர்ல சிக்கமாகா போர்ல ஹெக் குண்டடிபட்டு இறந்தார். அப்பா கொடுத்த அந்த மேட்டுலதான் அடக்கம்.

[திரையில்: 1904, கோயில் இடம் மாறுவதற்கான வரைபடம்.]

1869ல அதே மேட்டுல புதுக் கோயில் கட்டினாங்க. பழசை ஒரு விவசாயி வாங்கித் தன் பண்ணையில கொட்டகையா வச்சுக்கிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல அப்படியே கிடந்துச்சு. 1904ல சபைக்காரங்க அதை மீட்டு, மரம் மரமாப் பிரிச்சு, மினசோட்டா மாநிலம் செயின்ட் பால்ல இருந்த தங்களோட இறையியல் கல்லூரி வளாகத்துல திரும்ப நிறுத்தினாங்க. 1917ல நார்வே சினட், ஹாவ்கே சினட், ஐக்கியச் சபைன்னு நார்வேக்காரங்களோட மூணு லுத்தரன் கூட்டமைப்பும் ஒண்ணா சேர்ந்துச்சு. ஐல்சன் வழியில மட்டும் ஒரு சின்னக் கூட்டம், "நாங்க சேர மாட்டோம்"னு ஏற்கெனவே தனியா நின்னுடுச்சு.

கர்னல் ஹெக்குக்கு மேடிசன் நகரத்துல, சட்டமன்றக் கட்டடத்து முன்னாடி ஒரு சிலை உண்டு. 2020 ஜூன் போராட்டத்துல அதைக் கீழ தள்ளி, தலையை உடைச்சு, ஏரியில வீசினாங்க. அடிமை முறையை எதிர்த்துச் செத்தவர் சிலைன்னு தள்ளினவங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியுமோ. 2021ல சரிபண்ணித் திரும்ப நிறுத்திட்டாங்க. அதே சிலையோட வார்ப்பு ஒண்ணு நார்வேல அவர் பிறந்த லியர்லயும், இன்னொண்ணு விண்ட் லேக் பக்கத்துல அவர் பேர்ல இருக்கற பூங்காவுலயும் நிக்குது.