ஒதுக்கப்பட்ட அறிவின் வரலாறு: வவுட்டர் ஹானகிராஃபின் மறைஞான ஆய்வு

[திரையில்: நியூட்டனின் கையெழுத்துத் தாள்கள்]

ஐசக் நியூட்டனின் தாள்களைக் குவியலாகப் பெற்று ஆண்டுக்கணக்கில் பிரித்துப் பார்த்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், 1888-இல் கணிதமும் இயற்பியலும் சார்ந்தவற்றை வைத்துக்கொண்டு, ரசவாதக் குறிப்புகளை அவற்றின் உரிமைக் குடும்பத்துக்கே திருப்பி அனுப்பியது. 1936-இல் அவை லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, பொருளியல் அறிஞர் கெயின்ஸ் தேடித் தேடி வாங்கியிராவிட்டால் இன்னும் அதிகமாகச் சிதறியிருக்கும்.

ஒரே மனிதர் எழுதியவற்றுள் இது அறிவு, இது அறிவன்று எனக் கோடு கிழித்தது எது? ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஹெர்மெட்டிக் தத்துவத்தின், அதாவது ஹெர்மஸ் என்னும் ஞானியின் பெயரில் வழங்கிய மறைஞானக் கருத்துகளின், வரலாற்றுக்கென 1999-இல் உருவான பேராசிரியர் பதவியை ஏற்ற வவுட்டர் ஹானகிராஃபின் ஆய்வு இந்தக் கோட்டினைப் பற்றியதுதான்.

[திரையில்: புளோரன்ஸ் நகரம்]

கோடு இல்லாதிருந்த காலமும் உண்டு. மாசிடோனியாவிலிருந்து வந்த கிரேக்கச் சுவடி ஒன்றைக் கண்ட புளோரன்ஸின் செல்வாக்குமிக்க தலைவர் கோசிமோ தெ மெடிச்சி, பிளேட்டோவின் நூல்களை நிறுத்திவைத்துவிட்டு முதலில் இதை லத்தீனில் மொழிபெயர்க்குமாறு தத்துவ அறிஞர் ஃபிசினோவைப் பணித்தார். 1463-இல் பணி முடிந்தது. அதை இயற்றியவராகக் கருதப்பட்ட ஹெர்மஸ் திரிஸ்மெகிஸ்டஸ், ஏறத்தாழ மோசேயின் காலத்து எகிப்திய ஞானி என்று அன்றைய அறிஞர்கள் நம்பினர்.

[திரையில்: நூலின் கிரேக்கப் பக்கம், ஓரத்தில் கைக்குறிப்புகள்]

அந்த நம்பிக்கையை 1614-இல் கிரேக்கமொழி அறிஞர் ஐசக் கசோபோன் மொழியை வைத்தே தகர்த்தார். அத்தனை தொன்மையான எகிப்தியரின் நூலில் கிரேக்கச் சிற்பி ஃபிடியாஸின் பெயர் எப்படி வந்தது என்று கேட்டதோடு, பிற்காலக் கிரேக்கத்தில் மட்டுமே புழங்கிய சொற்களையும் எடுத்துக்காட்டி, இது கிறித்துவுக்குப் பிற்பட்ட எழுத்து என்று நிறுவினார். (காலம் பற்றி அவர் சொன்னது இன்றும் நிற்கிறது, ஆயினும் 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த, எகிப்திய மொழியின் பிற்கால வடிவமான காப்டிக்கில் எழுதிய சுவடிகளில் ஹெர்மெட்டிக் நூல்களும் இருந்ததால், எகிப்தியத் தொடர்பை அடியோடு மறுக்க இயலாது.)

ஆனால் காலக்கணிப்பு பிழைபட்டதால் மட்டும் ஒரு மரபு முழுதும் வெளியேற்றப்பட்டுவிடாது. கிறித்தவத்துக்குள் புறச்சமயக் கறை படிந்துவிட்டதென்று வாதிட்ட சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்) எழுத்தாளர்களிடமிருந்து இந்த வெளியேற்றம் தொடங்குகிறது என்கிறார் ஹானகிராஃப். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் யாக்கோப் புருக்கர், தம் தத்துவ வரலாற்றில் பகுத்தறிவுக்கு ஒவ்வாதவற்றைத் தனியே பிரித்து வைத்தார். அடுத்த தலைமுறையினர் அந்தப் பகுதியைப் படிப்பதையே விட்டுவிட்டனர். ரசவாதம், சோதிடம், மாந்திரீகம், கிறித்தவக் கபாலா (யூத மறைஞான மரபின் கிறித்தவ வடிவம்) ஆகியவை மறைஞானம் என்ற ஒரே மூட்டைக்குள் வந்தது பெரிதும் இவ்வாறுதான். ஹானகிராஃபுக்கு முன் பாரிஸில் இத்துறையை வளர்த்த அந்துவான் ஃபேவ்ர் இம்மரபின் உள்ளியல்புகளை வரையறுக்க முயன்றார். ஹானகிராஃபோ ஒதுக்கியவர்களின் வரலாற்றையும் சேர்த்தே படிக்கச் சொல்கிறார். இந்தத் திருப்பமே அவருடைய பெரும் பங்களிப்பு என்று கருதுகிறேன்.

மந்திரம் பலிக்குமா என்பது அவருடைய கேள்வியன்று. ஆன்மிக அனுபவத்தின் உண்மையை வரலாற்றாசிரியரால் நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. யார் எதை நம்பினர், எந்த ஏட்டிலிருந்து பெற்றனர் என்பதை ஆவணம் கொண்டு காட்ட முடியும். ஆகவே பக்தர்களுக்கும் ஏளனம் செய்வோருக்கும் இவ்வாய்வு ஒருசேர ஏமாற்றம் தரக்கூடும்.

[திரையில்: அடையாறு, பிரம்மஞான சபை]

இத்துறைக்குள் இன்று சூடாக நடக்கும் விவாதம், ‘மேலை மறைஞானம்’ என்ற அதன் பெயரில் ‘மேலை’ என்னும் அடைமொழி பொருந்துமா என்பது. 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை, 1882-இல் தலைமையகத்தை அடையாற்றுக்கு மாற்றி, கர்மம், மறுபிறவி போன்ற கருத்துகளைத் தனக்கேற்றவாறு மாற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அதை ஐரோப்பிய மரபின் நீட்சியாகக் கொள்வதா, இந்தியரும் சேர்ந்து உருவாக்கியதாகக் கொள்வதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் உடன்படவில்லை.