நொறுங்கத் தின்ன நேரம் இல்லாத நர்ஸ்

மேடையில இருக்குற டீன் அம்மாவுக்கும், எங்க நர்சிங் சூப்பிரண்டண்ட் அக்காவுக்கும், இவ்வளவு வேலைக்கு நடுவுல வந்திருக்குற கவுன்சிலர் அண்ணனுக்கும், மைக் செட்டும் மதியச் சாப்பாடும் ஏற்பாடு பண்ணின வர்த்தகர் சங்கத் தலைவர் ஐயாவுக்கும், இடம் இல்லாம பின்னாடி நின்னுட்டே இருக்குற ஸ்டூடண்ட் பிள்ளைங்களுக்கும் வணக்கம். டீன் அம்மா ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு ப்ளட் பேங்குக்குத் தானே நடந்து போய் ப்ளட் வாங்கிட்டு வந்தவங்க, நான் கண்ணால பாத்தவ, அதைச் சொல்லிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பேன்.

உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல், இந்த மேல்பகுதியில கோளாறு வந்தவங்கள நர்ஸ் எப்படிப் பாத்துக்கணும்ங்குறதுதான் எனக்குக் குடுத்த தலைப்பு. வயித்துப்புண், மூக்கு வழியா இரைப்பைக்குச் சாப்பாடு விடுற குழாய், இந்த ரெண்டையும் பேசலாம்னு வந்தேன். எங்க அப்பத்தா சோறு போடும்போதெல்லாம் சொல்லும், நொறுங்கத் தின்னா நூறு வயசுன்னு. ஜீரணம் வாயிலயே ஆரம்பிக்குதுன்னு பாடப்புத்தகத்துல படிக்கிறதுக்கு முன்னாடியே எனக்குச் சொல்லிக்குடுத்தது அதுதான்.

வயித்துப்புண்ணுன்னாலே காரம், கவலைன்னு சொல்றோம். ஆஸ்திரேலியாவுல பாரி மார்ஷல், ராபின் வாரன்னு ரெண்டு டாக்டருங்க, இது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரிங்குற கிருமியால வருதுன்னாங்க, யாரும் நம்பல, 1984ல மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடிச்சு இரைப்பை அழற்சியை வரவழைச்சுக் காமிச்சார், 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. இன்னொரு பெரிய காரணம் வலி மாத்திரை. அதுக்கு ஒரு கதை சொல்றேன், சுருக்கமா சொல்ல எனக்கு வராது.

மெடிக்கல் வார்டு, நைட் டூட்டி, 46 பெட்டு, தரையில பாய் போட்டவங்க தனி, நர்ஸுன்னு நான் ஒருத்தி. தலைசுத்தல்னு சாயங்காலம் அட்மிட் ஆன ஒரு மூட்டை தூக்குற தாத்தா. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், பாத்ரூம் கழுவுற அக்கா ஓடி வந்து, "சிஸ்டர், அந்தப் பெரியவர் போன இடத்துல தார் ஊத்தின மாதிரி இருக்கு, வாடையும் ஒரு மாதிரி இருக்கு"ன்னாங்க. போய்க் கையைத் தொட்டா சில்லுன்னு வேர்வை, பல்ஸ் 124, பிபி 90க்கு 60. இரைப்பைப் புண்ணுல ரத்தம் கசிஞ்சா மலம் தார் மாதிரி போகும், ஆனா இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பாப் போகும், அதனால "தாத்தா, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க"ன்னேன். வேட்டி மடிப்புல இருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார், முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்புல கேட்டு வாங்கினதாம், மூணு மாசமா வெறும் வயித்துல டீயோட. அவர் சொல்லி முடிக்கல, காபித்தூளைக் கரைச்ச மாதிரி வாந்தி, அதுவும் இரைப்பையில கசிஞ்ச ரத்தம்தான். இடதுபக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, ஆக்சிஜன் வெச்சு, ரெண்டு கையிலயும் பெரிய ஊசி போட்டு, வாய்வழியா ஒண்ணும் கூடாதுன்னு சொல்லி, டாக்டருக்கு ஆள் அனுப்பி, ஏத்தப்போற ரத்தம் பொருந்துதான்னு பாக்குற க்ராஸ் மேட்சுக்கு ரத்தம் எடுத்துட்டு இருக்கேன், எதிர் பெட்டுல ஒரு சத்தம். மூக்குல குழாய் வெச்ச பாட்டி, மட்டமாப் படுத்த மேனிக்கே மக கஞ்சியை ஊத்திட்டு இருக்கு, பாட்டி இருமி இருமி உதடு நீலமாயிருச்சு. "குழாயை மடக்கிப் பிடி, பக்கவாட்டுல திருப்பு"ன்னு கத்திக்கிட்டே, தொண்டையில அடைச்சதை உறிஞ்சி எடுக்குற சக்ஷன் மெஷினைத் தள்ளிக்கிட்டு ஓடினேன்.

தாத்தா பொழைச்சார். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பை நிறைய வெள்ளரிப்பிஞ்சு கொண்டு வந்தார். பாட்டிக்குக் கஞ்சி நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா, நாலாம் நாள் போயிட்டாங்க.

அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. தலைப்பக்கம் 30ல இருந்து 45 டிகிரி தூக்கி வெக்கணும், குழாய் இரைப்பையிலதான் இருக்கான்னு நர்ஸ் பாத்து சொன்னப்புறம் மெதுவா ஊத்தணும், முடிச்சதும் தண்ணி விட்டுக் குழாயைக் கழுவணும், அரைமணி நேரமாவது படுக்க விடக் கூடாது, வாய்வழியா சாப்பிடாட்டியும் வாயைச் சுத்தம் பண்ணணும், இதைச் சொல்லிக்குடுக்க அஞ்சு நிமிஷம் போதும். அன்னிக்குச் சாயங்காலம் டூட்டிக்கு வந்ததுல இருந்து அந்த அஞ்சு நிமிஷம் என் கையில இல்ல.

பொது வார்டுல, எல்லா ஷிஃப்ட்டுக்கும் சேத்து, டீச்சிங் ஹாஸ்பிடல்னா 3 பேருக்கு ஒரு நர்ஸ், மத்த ஹாஸ்பிடல்னா 5 பேருக்கு ஒரு நர்ஸ், லீவுக்குன்னு 30 சதவீதம் கூடுதல், இது இந்தியன் நர்சிங் கவுன்சில் போட்ட கணக்கு. 46 பேருக்கு ஒருத்திங்குறது எந்தக் கணக்குலயும் வராது. நொறுங்கத் தின்னா நூறு வயசு, சரி, விடியக்காலை மூணு மணிக்கு நின்னுக்கிட்டே ரெண்டு இட்லியைத் தண்ணி ஊத்தி முழுங்குற நர்ஸுக்கு எத்தனை வயசு? அன்னிக்கு என் டிபன் பாக்ஸ் தொறக்காமயே வீட்டுக்குப் போச்சு. எங்க செட்டுல பாதிப் பேர் அசிடிட்டி மாத்திரையோடதான் ரிட்டயர் ஆனோம்.

டீன் அம்மா, கவுன்சிலர் அண்ணா, உங்க ரெண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன், நைட்ல ஒரு வார்டுக்கு ஒரே நர்ஸுன்னு இனி இருக்கக் கூடாது. மனு எழுதி வெச்சிருக்கோம், சாப்பாட்டுக்கு வரிசை நிக்குற இடத்துல மேசையில இருக்கு, பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கோம். முதல் கையெழுத்து அந்தப் பாட்டியோட மக போட்டது, அதோ மூணாவது வரிசையில உக்காந்திருக்கு. எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.