2.9-க்குப் பிறகு

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் ஒரு அம்மா தொலைபேசியில் கேட்டார்: "டாக்டர், பையனோட ஜிபிஏ 2.9. இனிமே மெடிக்கல் ஸ்கூல் கிடைக்கவே கிடைக்காதா?" அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம்மில் பலருக்கும் இருக்கும் பயம் இது. ஜிபிஏ என்பது கல்லூரி மதிப்பெண்களின் சராசரி; ஏ என்றால் 4, சி என்றால் 2. நானும் அதே எண்ணோடு பட்டம் வாங்கியவள்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நான்கு வருடப் பட்டப்படிப்பின் 120 கிரெடிட்டில் 2.9 வாங்கியவர் மேலும் 30 கிரெடிட் படித்து, அத்தனையிலும் ஏ வாங்குகிறார். மொத்தம் எவ்வளவு ஆகும்? 3.12. ஒரு வருட உழைப்புக்கு இவ்வளவுதானா என்று மனசு விட்டுப்போகும். சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்தாலும் பழைய சி போகாது. அமெரிக்காவில் மருத்துவராக எம்.டி., டி.ஓ. என்று இரண்டு பட்டங்கள் உண்டு. எம்.டி. கல்லூரிகளுக்கான ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கிடும். டி.ஓ. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் புதிய மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 2017-இல் அதுவும் நின்றுவிட்டது.

சரி, அப்படியானால் எதற்குப் படிக்க வேண்டும்? விண்ணப்பத்தில் உங்கள் ஜிபிஏ ஒற்றை எண்ணாகப் போவதில்லை. வருடவாரியாகப் பிரிந்து போகும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் சேர்ந்து ஒரு தனிக் கணக்கு. பட்டத்துக்குப் பிறகு படித்ததற்குத் தனி வரி. அன்றைக்குத் தடுமாறியவர் இன்றைக்குப் பயோகெமிஸ்ட்ரியை எப்படிப் படிக்கிறார் என்பதைத் தேர்வுக் குழு அந்த வரியில் பார்க்கிறது. என்னை நேர்முகத்துக்கு அழைக்க வைத்ததும் அந்த வரிதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் பிள்ளைகளே, சறுக்கியதன் காரணம் தெரியாமல் திரும்ப வகுப்பில் போய் உட்காராதீர்கள். நான் முதல் இரண்டு வருடமும் வாரம் 25 மணி நேரம் வேலை பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை. பாடத்திலிருந்து விலக நாள் இருந்தும் விலகவில்லை. அதைச் சரிசெய்யாமல், கடன் வாங்கிச் சிறப்பு முதுகலைப் படிப்பில் சேர்ந்திருந்தால் அங்கேயும் விழுந்திருப்பேன். மருத்துவக் கல்லூரியின் முதலாண்டுப் பாடத்தையே நடத்தும் அந்தப் படிப்பில் சறுக்கினால் மீள்வது மிகக் கடினம்.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டும் அப்படித்தான். 472-இலிருந்து 528 வரை மதிப்பெண். வாழ்நாளில் 7 முறைதான் எழுதலாம். ஒவ்வொரு முறை வாங்கியதும் கல்லூரிகளுக்குத் தெரியும். "சும்மா ஒரு தடவை எழுதிப் பாரேன்" என்று தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

பெற்றோரிடம் இன்னொன்று. டி.ஓ. என்றதும் முகம் வாடுகிறது. 50 மாநிலங்களிலும் டி.ஓ. மருத்துவருக்கு முழு உரிமம் உண்டு. அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள். 2020-இலிருந்து பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பெறும் ரெசிடென்சி பயிற்சிக்கான அங்கீகாரமும் இரு தரப்புக்கும் ஒன்றுதான். ஊரில் சொந்தக்காரர்களுக்கு விளக்க வேண்டுமே என்பதற்காகப் பிள்ளையின் வழியை அடைக்கலாமா?

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: "இந்த ஜூனில் விண்ணப்பிக்க வேண்டாம். ஒன்றிரண்டு வருடம் பொறுங்கள். தம்பியை டிரான்ஸ்கிரிப்டோடு, அதாவது மதிப்பெண் பட்டியலோடு, சனிக்கிழமை வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாடமாகப் பார்ப்போம்." உங்களுக்கும் அதேதான். கூட்டம் முடிந்ததும் இந்த அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் தனியாக வந்தாலும் சரி.