ஷூவைக் கழற்றிவிட்டு ஏறிய மாணவன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கல்லூரி வளாகத்துக்குள் முதலில் வேண்டியது கட்டுப்பாடா, கருத்துரிமையா? இதுதான் இன்றைய தலைப்பு. கட்டுப்பாடே என்று பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். படிக்க வந்தவன் படிக்கட்டும், அரசியல் பேச வெளியே இடமா இல்லை என்றார். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டிய ஃபீஸ் அது என்றார். பேச விட்டால் கடைசியில் கல்லெறிதலில்தான் போய் நிற்கும் என்றார். மூன்றுக்கும் நல்ல கைத்தட்டல். நானும் ஒரு தகப்பன். நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியவன். அதனால் அவருடைய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தக் கல் எங்கிருந்து கிளம்புகிறது என்று அவர் பார்க்கவில்லை. பேசாதே என்று உத்தரவு போடுகிற இடத்திலிருந்துதான் அது கிளம்புகிறது. அதைத்தான் நான் இங்கே நிரூபிக்க வந்திருக்கிறேன்.

நடுவர் அவர்களே, இதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் தாருங்கள். 1964ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம். பேன்கிராஃப்ட் தெருவும் டெலிகிராஃப் அவென்யூவும் சந்திக்கிற வாசலில், செங்கல் பாவிய 26 அடி நடைபாதை. மாணவர்கள் அங்கே மடக்கு மேஜை போட்டு உட்காருவார்கள். துண்டறிக்கை கொடுப்பார்கள், நாலு காசு வசூல் செய்வார்கள், போகிறவர்கள் வருகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அவ்வளவுதான். நம் ஊரில் புத்தகக் கண்காட்சி வாசலில் மேஜை போட்டு உட்கார்வதைப் போல. அங்கே ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை.

அந்தக் கோடையில் அந்த மாணவர்களில் சிலர் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் வேலைக்காகப் போனார்கள். அந்த வேலைக்குப் போன இளைஞர்களில் மூன்று பேர் அதே ஜூன் மாதம் கொலை செய்யப்பட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர்களில் ஒருவர் மாரியோ சாவியோ. தத்துவம் படித்த மாணவர். உயிரைப் பணயம் வைத்துவிட்டுத் தன் வளாகத்துக்குத் திரும்பினால், செப்டம்பர் 14 அன்று டீன் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். இனிமேல் அந்த நடைபாதையில் அரசியலுக்காக மேஜை போடக் கூடாது. எதிரணித் தலைவர் சொன்ன அதே காரணம்தான்: படிக்கிற இடத்தில் இதெல்லாம் எதற்கு?

சரி, அப்புறம் என்ன ஆயிற்று? அக்டோபர் 1 அன்று, தடையை மீறி மேஜையில் உட்கார்ந்திருந்த ஜேக் வைன்பெர்க் என்ற இளைஞரைப் பிடித்துப் போலீஸ் காரில் ஏற்றினார்கள். கார் நகர முடியவில்லை. சுற்றிலும் மாணவர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்துப் பேர், நூறு பேர், அப்புறம் ஆயிரக்கணக்கானவர்கள். 32 மணி நேரம் அந்தக் கார் அங்கேயே நின்றது. கைதானவர் உள்ளேயே உட்கார்ந்திருக்க, காரின் கூரை மேடையாகிவிட்டது. ஒருவர் பின் ஒருவராக ஏறிப் பேசினார்கள்.

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கார் மேல் ஏறும்போது மாரியோ சாவியோ ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார். போலீஸ் காரின் கூரை கெட்டுப்போகக் கூடாது என்று. தன் நண்பனைப் பிடித்து வைத்திருக்கிற கார்! கட்டுப்பாடு, கட்டுப்பாடு என்கிறீர்களே, இதற்குப் பெயர் என்ன? அந்தப் பிள்ளைக்கு ஒழுக்கத்தை எந்தச் சுற்றறிக்கை கற்றுக்கொடுத்தது? பேச வேண்டியது ஒன்று உள்ளே இருந்தது. அதை மரியாதையோடு பேச வேண்டும் என்ற பொறுப்பும் கூடவே வந்தது.

சாவியோவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். நாலு பேர் முன்னால் பேசவே சிரமப்பட்டவர். அந்தப் போராட்டத்தில்தான் அவர் நாக்கு அவிழ்ந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். நம் வகுப்பறைகளில் சந்தேகம் கேட்கக்கூட எழுந்திருக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குள் எத்தனை சாவியோக்கள் இருக்கிறார்களோ!

அந்த நிர்வாகம் அத்தோடு விடவில்லை. அக்டோபரில் பேச்சுவார்த்தை நடத்தி ஓர் உடன்பாடு போட்டார்கள். நவம்பர் கடைசியில், பழைய சம்பவத்துக்காகவே சாவியோ உள்ளிட்ட சிலர் மேல் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் அனுப்பினார்கள். டிசம்பர் 2 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஸ்ப்ரௌல் ஹால் என்ற நிர்வாகக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். உள்ளே போய் என்ன செய்தார்கள் தெரியுமா? பாடம் படித்தார்கள். சிலர் வகுப்பே எடுத்தார்கள். விடிவதற்குள் போலீஸ் வந்தது. கிட்டத்தட்ட 800 பேர் கைது. தரையோடு இழுத்துக்கொண்டு போனார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செப்டம்பரில் இருந்தது சில மேஜைகள். டிசம்பரில் 800 கைதிகள். நடுவில் நடந்தது என்ன? ஒரு தடை, அதைக் காப்பாற்ற இன்னொரு தடை, அதைக் காப்பாற்றப் போலீஸ். "ஊர் வாயை மூட உலைமூடி உண்டா" என்று நம் பாட்டிகள் சும்மாவா கேட்டார்கள்? மூடியை அழுத்தினால் உலை பொங்கும். பொங்கிவிட்டது என்று அரிசியைக் குற்றம் சொல்கிறது எதிரணி.

டிசம்பர் 8 அன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் கூடி வாக்களித்தார்கள். மாணவர்களுக்கு ஆதரவாக 824 பேர், எதிராக 115 பேர். பேச்சின் உள்ளடக்கத்தைப் பல்கலைக்கழகம் கட்டுப்படுத்தக் கூடாது. எப்போது, எங்கே, எந்த விதத்தில் பேசலாம் என்பதற்கு மட்டும் வகுப்புகள் கெடாதபடி நியாயமான விதி வைக்கலாம். இதுதான் அவர்கள் எடுத்த முடிவின் சாரம். எதிரணி நண்பர்களே, நீங்கள் கேட்கிற கட்டுப்பாடு இதற்குள்ளேயே இருக்கிறது. தேர்வு நடக்கும் அறைக்கு வெளியே ஒலிபெருக்கி வைக்காதே என்று சொல்லுங்கள், நானும் உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன். இதைப் பேசாதே, அதை நினைக்காதே என்று சொன்னால் மட்டும் போட மாட்டேன்.

பேராசிரியர் அம்மா எதிரணியிலிருந்து ஒரு நல்ல கேள்வி எழுப்பினார். அதே பெர்க்லியில் 2017 பிப்ரவரி 1 அன்று, வலதுசாரிப் பேச்சாளர் ஒருவரைப் பேச விடாமல் கலவரம் செய்து கூட்டத்தையே ரத்து செய்ய வைத்தார்களே, அது என்ன கருத்துரிமை என்றார். அம்மா, அது கருத்துரிமையே இல்லை. முகமூடி போட்டுக்கொண்டு வந்து கண்ணாடியை உடைத்தவர்களை நான் ஒரு நிமிஷமும் தாங்கிப் பேச மாட்டேன். பிடிக்காதவனுக்கும் மேடை வேண்டும். 1964இல் அந்த நடைபாதைக்காகச் சேர்ந்து நின்றவர்களில் இடதுசாரிகள் மட்டுமா இருந்தார்கள்? குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டருக்கு ஓட்டுக் கேட்ட மாணவர்களும் இருந்தார்கள். அரசியலில் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள், பேசும் இடம் எல்லோருக்கும் பொது என்று ஒரே பக்கம் நின்றார்கள். நான் கேட்பது அந்த உரிமையை.

அது அமெரிக்கா, இங்கே ஒத்துவராது என்று முணுமுணுப்பது காதில் விழுகிறது. சரி, நம் சென்னைக்கே வருவோம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2014 ஏப்ரலில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்று சில மாணவர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். துண்டறிக்கை, கலந்துரையாடல், சிறப்புரை. வளாகத்துக்கு வெளியே எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்? 2015 மே மாதம், பெயர் போடாத ஒரு புகார்க் கடிதம் மத்திய அமைச்சகம் வழியாக வந்தது. வட்டத்தின் அங்கீகாரத்தை நிறுவனம் விலக்கியது. நாடு முழுவதும் கண்டனம். ஜூன் 7 அன்று அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் அந்தப் பெயரை இந்தியா முழுக்கப் பேசியாகிவிட்டது. வேறு வளாகங்களிலும் அதே மாதிரி வட்டங்கள் முளைத்தன. பெயர் போடாமல் ஒளிந்துகொண்டு எழுதியவருக்குக் காது கொடுத்தார்கள். பெயர் போட்டுத் துண்டறிக்கை கொடுத்த பிள்ளைகளின் வாயை அடைத்தார்கள். எது ஒழுங்கு?

எதிரணியில் ஒருவர் சட்டம் பேசினார். அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு பேச்சுரிமை கொடுத்தாலும் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறதே என்றார். உண்மை. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை யார் விதிப்பது? கேரளத்துப் பிஜோ இம்மானுவேல் வழக்கைப் பாருங்கள். மூன்று பள்ளிப் பிள்ளைகள். தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், தங்கள் மத நம்பிக்கையால் பாட மட்டும் இல்லை. 1985இல் பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. கல்வித்துறை நீட்டிய சுற்றறிக்கைகளுக்குச் சட்டத்தின் பலம் கிடையாது, அதைக் கொண்டு அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது என்றது. துறையின் சுற்றறிக்கைக்கே அந்த நிலை என்றால், நோட்டீஸ் போர்டில் குண்டூசி குத்தி வைத்த காகிதத்தைக் காட்டிப் பிள்ளைகளை மிரட்டுவது எந்தச் சட்டத்தில் சேர்த்தி?

மாணவர்கள் பேருந்தில் கொண்டாடுகிற பஸ் டே, ஒரு பஸ் வழித்தடத்துப் பிள்ளைகளுக்குத் தலைவனாக இருக்கிற ரூட் தல என்று சொல்லிப் பயமுறுத்தினார்கள். பேருந்துக் கூரையில் ஏறி ஆடுகிறார்கள், கத்தியோடு பிடிபடுகிறார்கள், இவர்களுக்கா உரிமை என்றார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: அந்தப் பிள்ளைகளுக்கு முறையாகத் தேர்தல் வைத்து, மாணவர் மன்றம் நடத்தி, மேடையும் மைக்கும் எப்போது கொடுத்தீர்கள்? லிங்டோ குழு பரிந்துரை கொடுத்து, அதன்படி மாணவர் தேர்தல் நடத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2006இல். இன்றைக்கும் நம் மாநிலத்தில் எத்தனை கல்லூரிகளில் மாணவர் தேர்தல் என்ற பேச்சே இல்லை! தலைமை ஏற்க ஆசைப்படுகிற வயது அது. நேரான வழியை அடைத்துவிட்டால் அந்த ஆசை பஸ் கூரையில்தான் ஏறும். இது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம், அதற்குத்தானே இந்த மேடை. 1988இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஓட்டுப்போடும் வயதை 21இலிருந்து 18 ஆக்கினோம். நாட்டை யார் ஆள வேண்டும் என்று சொல்லத் தகுதி உள்ளவனுக்கு, ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிச் சொல்லத் தகுதி இல்லையா?

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஒன்றே ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். என் கதை இது, கல்லூரியின் பெயர் வேண்டாம்.

நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஹாஸ்டலில் குடிதண்ணீர்த் தொட்டியை மாதக்கணக்கில் கழுவவில்லை. தண்ணீரில் நாற்றம். இரண்டு முறை வாய்வார்த்தையாகச் சொன்னோம், யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு ராத்திரி வெள்ளைத்தாளில் பத்து வரி எழுதி மெஸ் வாசலில் ஒட்டினேன். கெட்ட வார்த்தை ஒன்று கிடையாது. கீழே என் பெயரும் அறை எண்ணும் போட்டிருந்தேன். காலையில் தாளைக் கிழித்துவிட்டார்கள். ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள். அப்பா அறுப்பு வேலையை விட்டுவிட்டுப் பஸ் பிடித்து வந்தார். முதல்வர் அறையில் அவரை உட்காரச் சொல்லவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பையன் தெரியாமப் பண்ணிட்டான் சார்" என்று நின்றார். டி.சி. கொடுத்துவிடுவோம் என்றார்கள். மன்னிப்புக் கடிதத்தை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அந்த ஹாஸ்டலில் தண்ணீரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எதிரணி கேட்கிற அத்தனை அமைதியும் அங்கே இருந்தது.

அடுத்த மாதம் என் அறைக்காரனுக்கு மஞ்சள் காமாலை. அப்புறம் அடுத்த அறை, அதற்கடுத்த அறை. வரிசையாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அறைக்காரன் அந்த வருஷப் பரீட்சையே எழுதவில்லை. பாதி காலியாகக் கிடந்த ஹாஸ்டலில் ஒரு சாயங்காலம் வார்டன் என் அறைக்கு வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"தம்பி, அன்னைக்கு அந்தத் தாள்ல நீ என்ன எழுதியிருந்த?" என்று கேட்டார். கிழிப்பதற்கு முன் அவர் அதைப் படிக்கவே இல்லை.

வணக்கம்.