மறந்தவருக்கு எட்டு மாதம்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், சனிக்கிழமை மேட்ச்சைப் பாதியில் விட்டுட்டு வந்திருக்கிற ஈஸ்ட் ஹாம் சொந்தங்களுக்கும் வணக்கம். அவ்வளவுதான் வணக்கம். எனக்கு முன்னாடி பேசின அண்ணன் வணக்கம் சொல்லியே பாதி நேரத்தைத் தின்னுட்டார். அந்த நேரத்தை என் கணக்கில் சேர்க்கும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கிறேன்.

தலைப்பு தெரியும். கால்பந்து வீரர் ரியோ ஃபெர்டினாண்டுக்குப் போட்ட தடை நியாயமா, அதிகமா. இந்த மண்டபத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், பழைய அப்டன் பார்க் மைதானத்தில், வெஸ்ட் ஹாம் அணிக்கு ஆடிய பையன். அப்புறம் லீட்ஸ், அப்புறம் மான்செஸ்டர் யுனைடெட். 2003 செப்டம்பர் 23 அன்று, கேரிங்டன் பயிற்சி மைதானத்தில் ஊக்கமருந்துப் பரிசோதனை. உனக்கு இன்னைக்குச் சோதனைன்னு சொன்னாங்க. இவர் பயிற்சி முடிச்சார், கிளம்பிக் கடைக்குப் போயிட்டார். போன் அணைச்சு இருந்தது. விஷயம் தெரிஞ்சு, திரும்பி வர்றேன்னு சொன்னபோது அதிகாரிகள் மூட்டை கட்டியாச்சு. வீடு மாறுகிற பரபரப்பில் மறந்துட்டேன் என்றார். இரண்டு நாள் கழிச்சுச் சோதனை கொடுத்தார். உடம்பில் ஒண்ணும் இல்லை. ஆனாலும் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் டிசம்பரில் எட்டு மாதம் தடை போட்டது, ஐம்பதாயிரம் பவுண்டு அபராதமும் போட்டது. அது நியாயம் என்கிறது எதிரணி. அதிகம் என்கிறோம் நாங்கள்.

இதை நான் ஒழுங்காத்தான் வாதாட வந்தேன். எல்லாம் எழுதி வெச்சிருக்கேன், பாருங்க, காகிதம். ஆனா அண்ணன் போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனார். "கடைக்குப் போக மறக்கலையாம், சோதனை மட்டும் மறந்துபோச்சாம். தாய்மார்களே, உங்க வீட்டுக்காரர் இப்படி ஒரு கதை சொன்னா நம்புவீங்களா?" நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. பரவாயில்லை. மூணாவது வரிசையில் நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் எல்லாரையும் விட பலமா தட்டினார். அவர் என் வீட்டுக்காரர். அதுதான் எனக்குத் தாங்கலை.

நம்புவேன் அண்ணே. நான் நம்புவேன். ஏன்னு சொல்றேன்.

மேனர் பார்க்கிலிருந்து இல்ஃபோர்டுக்கு நாங்க வீடு மாறினோம். எங்க வீட்டுக்காரர் எதையும் பட்டியல் போட்டுச் செய்யிற ஆள். ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே எழுத்து. 'சமையல், கண்ணாடி, கவனம்'. 'குளிர் துணி'. 'பழைய பில்'. பழைய பில்லுக்கு ஒரு பெட்டிங்க! தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியை முன் சீட்டில் வெச்சு, அதுக்கு சீட் பெல்ட் போட்டுக் கூட்டிட்டு வந்தார். நான் பிள்ளைகளோட முன்னாடியே போய் அடுப்பைத் துடைச்சு, பால் பாத்திரத்தை வெச்சுட்டுக் காத்திருக்கேன். வீட்டுக்குப் பெரியவங்க கையால் அடுப்பைப் பத்தவைக்கணும். நல்ல நேரம் முடியப் போகுது. இவர் வந்தார். செடியை இறக்கினார். சாமி படத்தை இறக்கினார். நான் கேட்டேன்: "அத்தை எங்கே?"

அவர் என்னைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பார்த்தார்.

பட்டியலில் அத்தை இல்லை.

(நடுவர் அவர்களே, சிரிச்சு முடிக்கட்டும், இந்த நேரம் என்னுடையது இல்லை.)

பெத்த அம்மா. பழைய வீட்டு மாடியில் கடைசியா ஒரு தடவை விளக்கேத்திக் கும்பிட்டுட்டு வர்றேன்னு போனவங்க. இவர் வாசலைப் பூட்டி, சாவியை ஆட்டிப் பார்த்து, பூட்டியாச்சான்னு ரெண்டு தரம் இழுத்துப் பார்த்துட்டு வந்திருக்கார். போன் பண்ணுங்கன்னேன். இவர் போனைக் காணோம். சமையல் பெட்டிக்குள்ளே மணி அடிக்குது. 'கண்ணாடி, கவனம்'. அத்தை கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காங்க, போன் தட்டுகளுக்கு நடுவில் கிடந்து பாடிக்கிட்டே இருந்திருக்கு. ரியோவுடைய போனாவது அணைச்சு இருந்தது!

இதையே எங்க வீட்டுக்காரர் சொன்னா வேற கதை. அவர் கதையில் ரோம்ஃபோர்டு ரோட்டில் நெரிசல் வரும். வேன் ஓட்டுநர் அவசரப்படுத்தினது வரும். அத்தையே "நீ முன்னாடி போடா"ன்னு சொன்ன மாதிரி கூட ஒரு வரி சமீபத்தில் சேர்ந்திருக்கு. ஆனா நடந்தது என்ன? திரும்பப் போய்க் கதவைத் திறந்தா, காலி வீட்டில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்காங்க. இவர் காலில் விழாத குறை. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. "கறிவேப்பிலை ஒடியாம வந்துச்சாடா?"

அண்ணன் சைகை காட்டுறார், மறந்தாரா, நீங்க மறக்கடிச்சீங்களான்னு. அந்த வம்புக்கு நான் வரலை. அத்தை யூடியூப்பில் இதைப் பார்ப்பாங்க. நான் கேட்கிறது இதுதான்: அம்மாவை விட்டுட்டு வந்ததாலே அவர் அம்மாவை வெறுக்கிறவர்னு ஆயிடுமா? தினம் ராத்திரி அத்தைக்குத் தைலம் தேய்ச்சு விடுறது அவர்தான். வீடு மாறுகிற அன்னைக்குப் பெத்தவளே மறந்துபோனா, சிறுநீர்க் குப்பி மறக்காதா?

இன்னொரு அம்மா கதையும் இருக்கு, அது அதே மான்செஸ்டரில். மான்செஸ்டர் சிட்டி அணியில் கிறிஸ்டியன் நெகுவாய்னு ஒரு வீரர். அவரும் ஒரு சோதனையைத் தவறவிட்டார். விமான நிலையத்திலிருந்து அம்மாவை அழைக்கப் போனேன், நெரிசலில் மாட்டிக்கிட்டேன் என்றார். என் வீட்டுக்காரருக்கு நேர் எதிர், அம்மாவை ஞாபகம் வெச்சவர். அவருக்கு என்ன தண்டனை? இரண்டாயிரம் பவுண்டு அபராதம். ஒரு நாள் கூடத் தடை இல்லை. அதே சங்கம், அதே ஊர்.

அடுத்த வருஷம் செல்சி வீரர் ஏட்ரியன் முட்டு. அவர் சோதனைக்கு வந்தார், கொடுத்தார், கொக்கெய்ன் இருந்தது. ஏழு மாதம். இருக்கிறவருக்கு ஏழு, இல்லாதவருக்கு எட்டு! அண்ணே, இந்தக் கணக்கை என் சின்ன மகனிடம் கொடுத்தா, பேசாம எடுத்துக்கிட்டே போயிருக்கலாமேன்னு கேட்பான்.

எதிரணித் தங்கச்சி ஒரு நல்ல கேள்வி கேட்டாங்க. மறதியை மன்னிச்சா, மருந்து எடுத்தவனெல்லாம் மறந்துட்டேன்னு சொல்லிட்டுப் போவானே, இரண்டு வருஷம் வரைக்கும் போட வழி இருந்தும் எட்டு மாதம்தானே போட்டாங்கன்னு. நியாயமான கேள்வி. பதிலும் எழுதி வெச்சிருந்தேன். அத்தை கதையில் நேரம் போயிடுச்சு. நடுவர் பெரிய மனசு பண்ணி நான் சொன்னதா வெச்சுக்கணும்.

ஆனா அண்ணன் கடைசியா சொன்னதை விடமாட்டேன். "எட்டு மாதமும் கிளப்பு சம்பளம் கொடுத்தது, அப்புறம் என்ன தண்டனை?" என்றார். சம்பளம் வந்தது. 2004 ஜூன் மாதம் வந்ததா? போர்ச்சுகலில் ஐரோப்பியக் கோப்பை. அதுக்குத் தகுதி வாங்கித் தந்த ஆட்டம் இஸ்தான்புல்லில். அதுக்கு முன்னாடி ரியோவை அணியை விட்டு எடுத்தாங்கன்னு, கேரி நெவில் முன்னால் நிற்க, இங்கிலாந்து வீரர்கள் ஆடவே போகமாட்டோம்னு நின்னாங்க. அப்புறம் மனசில்லாம போய், 0-0 டிரா செஞ்சு தகுதி வாங்கினாங்க. எல்லாம் வாங்கிட்டு, கால் இறுதியில் போர்ச்சுகலிடம் பெனால்டியில் தோத்தாங்க. அப்போ இவர் வீட்டில்.

அடுத்ததில் ஆடியிருக்கலாமேம்பீங்க. 2008-க்கு இங்கிலாந்து தகுதியே பெறலை. 2012-ல் அவரை எடுக்கலை. 2000-லும் எடுத்திருக்கலை. இங்கிலாந்துக்காக 81 ஆட்டம் ஆடினவர், ஐரோப்பியக் கோப்பையில் ஒரு நிமிஷம் கூட ஆடாமலே முடிச்சார். அவர் நல்ல வயசில், இருபத்தஞ்சில் இருந்தப்போ திறந்த கதவு அந்த ஒரு ஜூன்தான்.

இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு இது புரியும்னு எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்து, விசாவுக்காகக் கடவுச்சீட்டைக் கொடுத்துட்டு உட்கார்ந்திருந்த காலத்தில், தங்கச்சி கல்யாணம் ஊரில் நடந்து முடிஞ்சிருக்கும். அப்பா போயிருப்பார். கையில் வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, டிக்கெட்டுக்குப் பணம் இருந்தது. மேளம் கொட்டுகிற சத்தத்தைப் போனில் கேட்டவங்க இங்கே இருக்கீங்க. கொள்ளி வைக்கிறதை வீடியோவில் பார்த்தவங்க இருக்கீங்க. ஆறு மாதம் கழிச்சு முத்திரை குத்திக் கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டோம். உங்களிடம் யாராவது வந்து "சம்பளம் வந்துச்சில்ல?"ன்னு கேட்டா என்ன சொல்வீங்க?

மணி அடிச்சாச்சு. நடுவர் அவர்களே, அண்ணன் விதியைப் பத்தி அழகாப் பேசினார், நான் என் மாமியாரைப் பத்திப் பேசினேன். தீர்ப்பு உங்க கையில். எங்க வீட்டுக்காரர் கையில் வேண்டாம்; அவர் அந்தப் பக்கம் கை தட்டினவர், ராத்திரி அதுக்குத் தனி விசாரணை இருக்கு. நன்றி, வணக்கம்.