இரண்டு கையிலும் வாள்: ஐந்தாம் லெவலில் ஏன் பின்தங்குகிறது?

அடுத்த கேள்வி மயிலாடுதுறையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதாவது பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டு; அதை 2014 விதிகளை வைத்து ஆடுகிறார்கள். அவர்களுடைய ரேஞ்சர் (காட்டு வேட்டை வீரர்) இரண்டு குறுவாளோடு சண்டை போடுகிறாராம். ஐந்தாம் லெவல் வந்ததும் பெரிய வாள் வைத்திருக்கும் ஃபைட்டர் முந்திவிட்டார். "இடது கையால் அடிக்கிற அடியிலும் மாடிஃபையரை (பலத்துக்கோ வேகத்துக்கோ சேதத்தில் கூட்டும் எண்) சேர்த்துக் கொடுத்துவிடலாமா?" என்கிறார்.

கொடுக்காதீர்கள் தம்பி. நான் கொடுத்து மாட்டிக்கொண்டவன். கும்பகோணத்தில் எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தில் கொடுத்தேன். கேடயம் வைத்திருந்தவர்கள்கூட அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவது வாள் வாங்கினார்கள். அதுவும் போக, இரட்டை ஆயுத ஸ்டைலை, அதாவது அந்தச் சண்டைப் பயிற்சியை, எடுத்தவருக்குக் கிடைப்பதே அந்த மாடிஃபையர்தான். எல்லாருக்கும் சும்மா கொடுத்தால் அவர் ஏமாளி ஆகிவிடுவார்.

கணக்கைப் பாருங்கள். மாடிஃபையர் 3, எல்லா அடியும் படுகிறது என்று வையுங்கள். முதல் லெவலில் பெரிய வாள், இரண்டு டி6 (ஆறுமுகப் பகடை), சராசரி 7, கூட 3, மொத்தம் 10. இரண்டு குறுவாள்: வலது கைக்கு ஒரு டி6, சராசரி 3.5, கூட 3, ஆக 6.5, அப்புறம் இடது கைக்கு வெறும் 3.5. அதுவும் 10. சரிசமம். ஐந்தாம் லெவலில் இருவருக்கும் ஓர் அடி கூடுகிறது. பெரிய வாள் 20, குறுவாள் 16.5. ஸ்டைல் எடுத்திருந்தாலும் 19.5தான். வலது கை வளர்கிறது, இடது கை ஒரே அடியோடு நின்றுவிடுகிறது.

ஆனால் ரேஞ்சரை உண்மையில் முடக்குவது இந்த மூணரைப் புள்ளி இல்லை. போனஸ் ஆக்‌ஷன். தன் முறையில் வழக்கமான அடிக்கு மேல் ஒரே ஒரு சின்னக் காரியம் செய்யும் வாய்ப்பு அது. ஹன்டர்ஸ் மார்க் (எதிரி மேல் குறி வைத்து அடிக்கு அடி கூடுதல் சேதம் தரும் மந்திரம்) போட அதுதான் வேண்டும், குறி வைத்த எதிரி செத்ததும் வேறு ஆள் மேல் மாற்றவும் அதுதான், இடது கையால் அடிக்கவும் அதுவேதான். ஒரே மதகு, மூன்று வாய்க்கால். நம் ஊரில் அதற்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். ஆறு விநாடிச் சுற்றில் முறை எங்கே வைப்பது?

அதனால் இடது கை அடியைப் போனஸ் ஆக்‌ஷனிலிருந்து பிரித்து, அடிக்கும் ஆக்‌ஷனோடு சேர்த்துவிடுங்கள். அவரவர் முறையில் ஒரே தடவை, மாடிஃபையர் கிடையாது. 2024 விதிகளில் 'நிக்' என்று வந்திருப்பதும் கிட்டத்தட்ட இதுதான், சில ஆயுதங்களுக்கு மட்டும்: குத்துக்கத்தி, சின்னச் சுத்தியல், சிமிட்டர், அப்புறம் அரிவாள். ஆமாம், கதிர் அறுக்கிற அரிவாள். எங்கள் மேசையில் அன்றைக்கு இரண்டு பேர் அரிவாளுக்கு மாறிவிட்டார்கள், ஊர்ப்பாசம்!

ரோக் (பதுங்கி அடிக்கும் திருடர்) விஷயத்தில் மட்டும் கவனம். ஸ்னீக் அட்டாக் (சமயம் பார்த்துக் குத்தினால் அவருக்குக் கிடைக்கும் கூடுதல் சேதம்) ஒரு முறைக்கு ஒரு தடவைதான். ஓர் அடி படும் வாய்ப்பு 65 சதவீதம் என்றால், இரண்டில் ஒன்றாவது படும் வாய்ப்பு சுமார் 88. அதற்கு மேல் போனஸ் ஆக்‌ஷனும் மிச்சமானால் குத்திவிட்டு நழுவி ஓடிவிடுவார். 2024 விதி அதை அனுமதிக்கிறது, நான் அனுமதிக்கவில்லை. ரோக்குக்கு மட்டும் பழைய விதியே. ஆடுபவர் முறைத்தார், நான் மசியவில்லை.

அப்புறம், மாற்றுவதற்கு முன்னால் அந்தப் பெரிய வாள்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் மாற்றினேன். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை.